எல்லை தாண்டும் சித்திரங்கள்

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ஜப்பான் அரசு விந்தையான ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மூன்று வலைத்தளங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவற்றைத் தம் வாடிக்கையாளர்கள் அணுகாதபடி தடுப்பது தகும் என்று நாட்டின் இணையச் சேவை நிறுவனங்களுக்கு அது தெரிவித்தது. அந்த மூன்றில் ஒன்று மாங்காமுரா. 'மாங்கா' எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளை உரிமையின்றி வெளியிட்ட தளம் அது. மற்ற இரண்டு அனிட்யூப், மியோமியோ என்பவை. இவற்றில் 'அனிமே' எனப்படும் சித்திரத் திரைப்படங்கள் திருட்டுத்தனமாக ஓடிக்கொண்டிருந்தன.

அறிவிப்பில் விந்தை எது என்றால், அது ஆணையாக வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு வேண்டுகோளாகவே வந்தது. தன் மண்ணில் விளைந்த பொருள் பட்டப்பகலில் களவு போகிறது. களவாடப்படும் இடத்தின் பெயரும் தெரிகிறது. அப்படியிருந்தும் ஓர் அரசு ஏன் தனியார் நிறுவனங்களிடம் வேண்டி நிற்க வேண்டும்? காவல்துறையை அனுப்பிக் கதவைப் பூட்டி முத்திரை வைக்கக் கூடாதா?

இக்கேள்விக்குரிய விடையில் ஒரு பாதி இயற்பியல், மறு பாதி சட்டம். இயற்பியலிலிருந்தே தொடங்குவோம்.

நகலின் நகல்

தேர்வு நெருங்கும்போது ஒரு மாணவரின் குறிப்பேட்டை ஜெராக்ஸ் எடுப்பீர்கள். அந்த ஜெராக்ஸை இன்னொருவர் ஜெராக்ஸ் எடுப்பார். ஐந்தாவது ஆளின் கைக்கு வரும்போது பாதி எழுத்துகள் மங்கி, தாளெங்கும் கரும்புள்ளிகள் படர்ந்திருக்கும். பழைய வீடியோ நாடாக்களிலும் இதுவே நடந்தது. நாடாவின் மீதுள்ள காந்தப் பதிவைப் படித்து மற்றொரு நாடாவில் எழுதும் ஒவ்வொரு முறையும் சிறிது 'இரைச்சல்' புகுந்துவிடும். ஒவ்வொரு நகலெடுப்பும் ஒரே அளவு இரைச்சலைச் சேர்ப்பதாகக் கொண்டால், ஐந்தாம் தலைமுறை நகலில் இரைச்சலின் திறன் ஐந்து மடங்காகிவிடும். படத்தின் விளிம்புகள் அலையும், வண்ணங்கள் வழியும்.

1980களிலும் 1990களிலும் அமெரிக்காவிலிருந்த அனிமே ரசிகர்கள் இந்த வழியில்தான் படங்களைப் பார்த்தார்கள். ஜப்பானிலிருந்து நாடாக்களைத் தருவித்து, தாமே மொழிபெயர்த்து, வீட்டுக் கணிப்பொறியின் துணையோடு ஆங்கில வரிகளைப் படத்தின் அடியில் பொறித்தார்கள். வெற்று நாடாவையும் தபால் செலவையும் அனுப்பியவருக்குப் படம் பதிந்து திரும்பி வரும். இதுவும் சட்டப்படி பதிப்புரிமை மீறல்தான். ஆயினும் தபால் செலவும் இரைச்சலும் சேர்ந்து அதற்கு ஓர் எல்லையை வகுத்திருந்தன. இயற்கையே ஒரு காவலாளியை நிறுத்தியிருந்தது எனலாம்.

எண்ணுருப் பதிவு அந்தக் காவலாளியை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. எப்படி என்று பாருங்கள். தகவல் முழுவதும் 0, 1 என்ற இரண்டே குறிகளாக எழுதப்படுகிறது. 0 வோல்ட் என்றால் '0', 1 வோல்ட் என்றால் '1' என்று வைத்துக்கொள்வோம். வழியில் இரைச்சல் சேர்ந்து, 1 வோல்ட் என்பது 0.9 ஆகிவிட்டது. நகலெடுக்கும் கருவி என்ன செய்கிறது? 0.5க்கு மேலிருப்பதால் இதை '1' என்று தீர்மானித்து, புத்தம் புதிதாக 1 வோல்ட்டை எழுதுகிறது. சேர்ந்த இரைச்சல் அங்கேயே துடைக்கப்படுகிறது. ஆகவே ஆயிரமாவது நகலும் முதல் நகலும் அச்சு அசலாக ஒன்றே. எது மூலம், எது நகல் என்று கேட்பதற்கே பொருளில்லை.

215 ஜிகாபைட்டைச் சுருக்குதல்

நகல் எடுக்கலாம், சரி. ஆனால் அனுப்ப முடிய வேண்டுமே! ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயர்தெளிவுப் படத்தின் ஒரு சட்டத்தில் 1,920 × 1,080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் வண்ணத்திற்கும் 24 பிட்கள். வினாடிக்கு 24 சட்டங்கள். பெருக்கினால் வினாடிக்கு ஏறக்குறைய 119 கோடி பிட்கள் வரும். அனிமேத் தொடரின் ஒரு பகுதி சுமார் 24 நிமிடம் ஓடும். மொத்தம் 215 ஜிகாபைட்! வீட்டு இணைப்பில் இதை யார் பார்க்க முடியும்?

இங்கேதான் படச்சுருக்கக் கலை துணைக்கு வருகிறது. அடுத்தடுத்த இரண்டு சட்டங்களில் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். எனவே மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். ஒரு சிறு கட்டத்திற்குள் வண்ணம் மெல்ல மாறுகிறது என்றால், ஒவ்வொரு புள்ளியையும் சொல்லாமல் அந்த மாற்றத்தின் வடிவத்தைச் சில அலைகளின் கூட்டாகக் குறித்துவிடலாம். கல்லூரியில் ஃபூரியர் தொடர் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதிதான். ("இதனால் என்ன பயன், சார்?" என்று என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு மாணவர் கேட்பார். உன் கைப்பேசியில் ஓடும் அத்தனை படமும் இதனால்தான் என்றால், அதன் பிறகு கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.)

அனிமே இச்சுருக்கத்துக்கு மிகவும் இணங்கிக் கொடுக்கும். 1963 ஜனவரி 1 அன்று ஒஸாமு தெஸுகாவின் 'டெட்சுவான் ஆட்டம்' தொடர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியபோது, வாராவாரம் ஒரு பகுதியை முடிக்க வேண்டிய நெருக்கடியில், வினாடிக்கு 24 சித்திரம் வரையாமல் ஒரே சித்திரத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்திவைக்கும் முறையைப் பெரிதும் கையாண்டார்கள். வினாடிக்கு எட்டே சித்திரங்கள். செலவைக் குறைக்கப் பிறந்த அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. நின்ற சித்திரத்தில் மாற்றமில்லை. மாற்றமில்லாததை அனுப்ப வேண்டியதும் இல்லை. வினாடிக்கு 20 லட்சம் பிட் என்ற அளவிலேயே கண்ணுக்கு நிறைவான படம் கிடைத்துவிடும். 215 ஜிகாபைட் 360 மெகாபைட்டாக, அதாவது அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

உரிமையுள்ள நிறுவனங்கள் படத்தைச் சங்கேதமாக்கிப் பூட்டி அனுப்புகின்றனவே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் படத்தை யாரும் பார்க்க முடியாது. பணம் கட்டியவர் பார்க்க வேண்டுமானால், அவருடைய கருவியிலேயே ஏதோ ஓரிடத்தில் பூட்டு திறந்தாக வேண்டும். கடைசியில் திரையிலிருந்து ஒளி வெளிப்பட்டாக வேண்டும். கண்ணுக்கு எட்டும் ஒளி ஒளிப்படக் கருவிக்கும் எட்டும். இந்தச் சிக்கலுக்கு முழுமையான தீர்வு எந்தக் கணிதத்திலும் இல்லை.

ஒரு தளம் எங்கே இருக்கிறது?

'அந்தத் தளம் இன்ன நாட்டில் இருக்கிறது' என்று செய்தித்தாள்களில் படிக்கிறோம். சற்று ஆராய்ந்தால் இந்த வாக்கியமே தடுமாறிப் போகும்.

ஒரு திருட்டுத் தளத்தின் பெயரை நீங்கள் தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்தப் பெயர் எண் முகவரியாக மாற வேண்டும். தொலைபேசி விவரப் புத்தகத்தில் பெயரைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிப்பது போன்றது இது. பெயரின் வால் '.டிஓ' என்று முடிந்தால், அந்த வால் பசிபிக் கடலிலுள்ள டோங்கா என்னும் சிறு தீவு நாட்டுக்குச் சொந்தம். அதை வாங்க டோங்காவில் கால் வைக்க வேண்டியதில்லை. உலகில் எங்கிருந்தும் வாங்கலாம். கிடைத்த எண்ணும் பெரும்பாலும் தளத்தின் உண்மையான எண்ணாக இருக்காது. நடுவில் நின்று சரக்கைக் கைமாற்றும் ஓர் இடைநிலை நிறுவனத்தின் எண்ணாக இருக்கும். அந்நிறுவனம் அமெரிக்காவில் பதிவானதாக இருக்கலாம். அதன் கணிப்பொறிகளோ நூற்றுக்கணக்கான நகரங்களில் உள்ளன. அவற்றுள் உங்களுக்கு அருகிலுள்ள ஒன்று விடை தரும். உண்மைத் தளம் வேறொரு நாட்டில். அந்தத் தளத்திலும் படம் இராது. படங்களின் பட்டியலும் இணைப்புகளும் மட்டுமே இருக்கும். படம், சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, மூன்றாவது நாட்டிலுள்ள சர்வர்களில் கிடக்கும். பக்கத்தைச் சுற்றி மொய்க்கும் விளம்பரங்களின் பணம் நான்காவது நாட்டின் வழியே போகும். இவ்வளவையும் நடத்துபவர் ஐந்தாவது நாட்டில் தம் வீட்டு அறையில் அமர்ந்திருப்பார்.

கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னைக்கும் டோக்கியோவுக்கும் இடையே நேர்த் தொலைவு ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர். கடலடிக் கம்பி சுற்றி வளைத்துச் சென்றாலும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தகவல் வந்துவிடும். ஐந்து நாடுகளில் சிதறிக் கிடப்பதைப் பார்வையாளர் உணரவே மாட்டார். ஆனால் நீதிமன்ற ஆணை ஒளியின் வேகத்தில் செல்வதில்லை. ஒவ்வொரு எல்லையிலும் அது கீழே இறங்கி, மொழிபெயர்க்கப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, அந்நாட்டின் நீதிமன்றத்தில் வரிசையில் நின்றாக வேண்டும்.

சட்டம் உண்டு, கை எட்டவில்லை

வெளிநாட்டில் ஜப்பானியப் படத்துக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையின்படி, ஓர் உறுப்பு நாட்டில் பிறந்த படைப்புக்கு மற்ற உறுப்பு நாடுகளும் தம் சொந்தக் குடிமக்களின் படைப்புக்குத் தரும் அதே பாதுகாப்பைத் தர வேண்டும். ஜப்பான் 1899இலும், இந்தியா 1928இலும் இதில் சேர்ந்தன. அமெரிக்கா 1989இல்தான் வந்து சேர்ந்தது. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் 1999ஆம் ஆண்டுப் பன்னாட்டுப் பதிப்புரிமை ஆணையும் டோக்கியோவில் வரைந்த சித்திரத்துக்கும் காவலாக நிற்கின்றன. கோயம்புத்தூரில் எடுத்த படத்துக்குள்ள உரிமையே அதற்கும்.

ஆனால் உடன்படிக்கையின் சொற்களை உற்று நோக்குங்கள். 'அந்தந்த நாட்டின் பாதுகாப்பு' என்பதுதான் அதன் சாரம். உலகம் முழுவதற்குமான ஒரே பதிப்புரிமை என்று ஒன்று இல்லை. நாட்டுக்கு ஒன்றாகத் தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. பிரேசிலில் நடந்த மீறலைப் பிரேசில் சட்டப்படி, பிரேசில் நீதிமன்றத்தில், பிரேசில் காவல்துறையைக் கொண்டுதான் தொடர வேண்டும்.

அங்கே போய் நின்றதும் முதல் கேள்வி: "இது உங்களுடையது என்பதற்கு அத்தாட்சி என்ன?" அனிமேயில் இது எளிய கேள்வியன்று. பெரும்பாலான அனிமேத் தொடர்களைத் தயாரிப்பது தனி ஒரு நிறுவனம் அல்ல. தொலைக்காட்சி நிலையம், புத்தகப் பதிப்பகம், இசைத்தட்டு நிறுவனம், பொம்மை நிறுவனம் எனப் பலர் பணம் போட்டு 'தயாரிப்புக் குழு' ஒன்றை அமைப்பார்கள். உரிமையும் பங்குபிரிந்து கிடக்கும். வரைந்து கொடுக்கும் ஸ்டுடியோ பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி பெற்றுக்கொண்டு ஒதுங்கிவிடும். வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமை நாடுவாரியாக வேறு விற்கப்பட்டிருக்கும். இத்தனை பேரின் ஒப்புதலையும் திரட்டி, சான்றுறுதி பெற்று, அயல்மொழியில் பெயர்த்துக் கொடுப்பதற்குள் தளம் பெயரை மாற்றிக்கொண்டு போய்விடும். இது வெறும் பேச்சல்ல. ஸோரோ என்ற பெயரில் ஓடிய தளம் 2023 ஜூலையில் அனிவாட்ச் ஆயிற்று. 2024 மார்ச்சில் ஹைஅனிமே ஆயிற்று. சட்டை மாறியது, ஆள் மாறவில்லை.

குற்றவாளி யாரென்று தெரிந்தாலும் அவரைக் கொண்டுவருவது அடுத்த பாடு. குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தை ஜப்பான் இரண்டே நாடுகளோடு செய்துகொண்டுள்ளது: அமெரிக்கா, தென்கொரியா. மாங்காமுராவை நடத்தியவர் 2019 ஜூலையில் மணிலா விமான நிலையத்தில் பிடிபட்டார். பிலிப்பைன்சோடு ஒப்படைப்பு ஒப்பந்தம் இல்லாததால், குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் அவரை நாடு கடத்திய பிறகே ஜப்பானியக் காவலர்கள் கைது செய்ய முடிந்தது. 2021 ஜூனில் ஃபுகுவோகா நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

வெற்றி கிடைத்த இடங்களையும் பார்க்க வேண்டும். 2002இல் தொடங்கப்பட்ட 'கோடா' என்னும் ஜப்பானியப் படைப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு, பி9குட் என்ற தளத்தைப் பல காலம் துரத்தியது. 2008இல் வேறொரு பெயரில் தொடங்கிய தளம் அது. இரண்டாண்டுகளில் அதற்கு 30 கோடிக்கு மேற்பட்ட வருகைகள். அவற்றுள் ஏறத்தாழ 95 விழுக்காடு ஜப்பானிலிருந்து. நடத்தியவர்களோ சீனாவில். கோடா தன் பெய்ஜிங் அலுவலகத்தின் வழியே சீனச் சட்டப்படி புகார் கொடுத்தது. 2023 பிப்ரவரியில் ஜியாங்சு மாகாணக் காவல்துறை நடவடிக்கையில் இறங்கியது, தளம் மூடப்பட்டது. 2024 ஆகஸ்டில் வியட்நாமிலிருந்து இயங்கிய எஃப்மூவிஸ் என்ற பெருங்கூட்டமும் அதனோடு சேர்ந்த அனிவேவ் என்ற அனிமேத் தளமும் ஹனோய்க் காவல்துறையின் துணையோடு மூடப்பட்டன. 2023 ஜனவரி முதல் 2024 ஜூன் வரை அக்கூட்டத்தின் தளங்களுக்கு 670 கோடி வருகைகள் என்று படத்தயாரிப்பாளர்களின் கூட்டணி தெரிவித்தது. இரண்டிலும் காணப்படும் பொது அம்சம் ஒன்றுண்டு: கதவைத் தட்டியது உள்ளூர்க் காவலர். டோக்கியோவிலிருந்து அனுப்பிய கடிதம் அல்ல.

பெயர்ப் புத்தகத்தின் பக்கத்தைக் கிழித்தல்

2018இல் கேட்டுக்கொண்டபடி தடுத்தால் என்ன? பெரிய சேவை நிறுவனமான என்டிடி ஏப்ரல் 23 அன்று தடுக்க முன்வந்தது. அதற்குள் மாங்காமுரா தானாகவே மறைந்துவிட்டிருந்தது! ஆனால் அதோடு வேறொரு சிக்கல் எழுந்தது. ஒருவர் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்கிறார் என்று பார்த்தால்தான் தடுக்க முடியும். குற்றமற்ற கோடிக்கணக்கானோரின் கேள்விகளையும் பார்த்தாக வேண்டும். தணிக்கை கூடாது, தகவல்தொடர்பின் இரகசியம் மீறப்படக் கூடாது என்கிறது ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு. அரசு அமைத்த வல்லுநர் குழு மாதக்கணக்கில் விவாதித்து, அந்த அக்டோபரில் உடன்பாடு காணாமலே கலைந்தது.

நம் நாட்டில் நீதிமன்றங்கள் வேறு வழி சென்றன. 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், திரைப்படத் திருட்டுத் தளங்கள் தொடர்பான வழக்கில் ஒரு புதுமையைச் செய்தது. தடுக்கப்பட்ட தளம் புதுப்பெயரில் முளைத்தால் புது வழக்குத் தொடர வேண்டியதில்லை. நீதிமன்றப் பதிவாளரிடம் காட்டி அந்தப் பெயரையும் அதே ஆணைக்குள் சேர்த்துவிடலாம். வேகத்தில் இது நல்ல வழிதான். எனினும் தடுப்பு என்பது பெயர்ப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழிப்பதே. வேறு நாட்டுப் பெயர்ப் புத்தகத்தைப் புரட்டத் தெரிந்தவருக்கு அந்த வீடு அங்கேயேதான் இருக்கிறது. அவசரத்தில் தவறான பக்கம் கிழிந்துபோனால் யாரைக் கேட்பது என்பதும் சிறிய கேள்வியல்ல.

இழப்பு எவ்வளவு? 2022ஆம் ஆண்டில் ஜப்பானியப் படைப்புகள் அனைத்துக்கும் சேர்த்து இணையத் திருட்டால் நேர்ந்த இழப்பை 1.95 லட்சம் கோடி முதல் 2.2 லட்சம் கோடி யென் வரை என்று கோடா மதிப்பிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க: 2023இல் அனிமேச் சந்தையின் மொத்த அளவு ஏறத்தாழ 3.35 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கு மேல், 1.72 லட்சம் கோடி, வெளிநாடுகளிலிருந்து வந்தது. இழப்பு மதிப்பீடுகளைச் சற்று எச்சரிக்கையோடு படிப்பது நல்லது. இலவசமாகப் பார்த்த எல்லோரும் கட்டணம் கட்டியிருப்பார்கள் என்று கொள்ள முடியாது. சோதனைச்சாலையில் அளவுமானியின் பிழையைக் குறிக்கச் சொல்லி மாணவரை வற்புறுத்தும் நாம், இங்கும் அதைக் கேட்க வேண்டும். ஆனால் பிழை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வருமானத்தின் பாதி எல்லைக்கு வெளியிலிருந்து வரும் தொழிலுக்கு எல்லைக்கு வெளியே காவல் இல்லை என்பது மாறாது.

திருடனும் கடைக்காரனும்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று அனிமேயை உலகெங்கும் உரிமையோடு வழங்கும் க்ரஞ்சிரோல் நிறுவனம், 2006இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்கியபோது, பயனர்கள் உரிமையின்றி ஏற்றிய படங்களே அதில் நிறைந்திருந்தன. 2009 ஜனவரியில் டிவி டோக்கியோவுடன் ஒப்பந்தம் செய்து, 'நருட்டோ ஷிப்புடென்' தொடரை ஜப்பானில் ஒளிபரப்பான அன்றே கட்டணம் செலுத்தியவர்களுக்கு மொழிபெயர்ப்போடு காட்டியது. உரிமையற்ற படங்களை நீக்கியது. 2021இல் சோனி அதை 117.5 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது.

ரசிகர்களுக்கு வேண்டியிருந்தது இலவசம் மட்டுமல்ல. உடனே வேண்டும், தமக்குப் புரியும் மொழியில் வேண்டும். மாதக்கணக்கான காத்திருப்பை ஒரே நாளாகக் குறைத்தது எந்த நீதிமன்றமும் சாதிக்காத ஒன்றைச் சாதித்தது. இப்போது 'சோலோ லெவலிங்' போன்ற தொடர்கள் தமிழ் டப்பிங்கிலும் வருகின்றன. 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' படம் தமிழ் பேசி நம் திரையரங்குகளுக்கே வந்தது. ஆனால் ஜப்பானில் அது 2025 ஜூலை 18 அன்று வெளியாயிற்று. இந்தியாவில் செப்டம்பர் 12 அன்று. இடையே 56 நாள்கள். பழைய தொடர்கள் பலவற்றுக்கு இந்திய உரிமையை யாரும் வாங்கவே இல்லை. திருட்டுத் தளங்கள் கடை விரிப்பது இத்தகைய இடைவெளிகளில்தான்.

உரிமையாளர்களின் பார்வை இப்போது வேறொரு பக்கம் திரும்பியிருக்கிறது. நடத்துபவர் கிடைக்காவிட்டால், நடுவில் நின்று சரக்கைக் கைமாற்றும் நிறுவனத்தைக் கேட்கலாமே என்பது அவர்கள் வாதம். 2025 நவம்பர் 19 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், அமெரிக்க இடைநிலை நிறுவனமான கிளவுட்ஃப்ளேருக்கு எதிராக நான்கு ஜப்பானியப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. திருட்டு மாங்காத் தளங்களைப் பற்றி அறிவித்த பின்னும் சேவையை நிறுத்தவில்லை என்று கூறி, சுமார் 50 கோடி யென் இழப்பீடு தருமாறு சொல்லியது. வாடிக்கையாளர் யாரென்று சரிபார்க்காமலே சேவை அளித்ததையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குழாய் கேட்பதில்லை. அதில் குழாயின் குற்றமென்ன என்பது இத்தகைய நிறுவனங்களின் பழைய வாதம். கிளவுட்ஃப்ளேர் போன்றவை வெறும் குழாய்களாக நிற்பதில்லை. வேகம் கூட்டுவதற்காக, அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களின் நகல்களைத் தம் கணிப்பொறிகளிலேயே சேமித்தும் வைக்கின்றன. அக்கணிப்பொறிகளுள் சில ஜப்பானிய மண்ணிலேயே இருக்கின்றன.